'நெளியாம உட்காரு!': தப்பு பிள்ளை மேலா, பெஞ்ச் மேலா? ஒரு இன்ஜினியரின் டேப் சொல்லும் கணக்கு

பொங்கல் லீவுக்கு சாத்தான்குளம் போயிருந்தபோது வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றது ஆறாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள். "வகுப்பில் நெளிந்துகொண்டே இருக்கிறாள், கவனம் இல்லை" என்று பள்ளி டைரியில் இரண்டாவது முறையாக எழுதி வந்திருந்தது.

"ஒரு இடத்துல ஒழுங்கா இருந்தாத்தானே படிப்பு ஏறும்?" என்பது அக்காவின் வாதம். "கால் மரத்துப் போகுதும்மா" என்பது பிள்ளையின் வாதம். சத்துக்குறைவாக இருக்குமோ என்று ரத்தப் பரிசோதனை வரைக்கும் போய்விட்டார்கள். ரிப்போர்ட்டில் எல்லாமே நார்மல். அதனால் பழி முழுவதும் பிள்ளை மேலேயே விழுந்தது.

அத்தான் மெக்கானிக்கல் இன்ஜினியர். அதிகம் பேச மாட்டார். பெற்றோர் கூட்டத்துக்குப் போனவர் டீச்சரிடம் ஒன்றும் கேட்கவில்லை. சட்டைப் பையில் இருந்த மூன்று மீட்டர் டேப்பை எடுத்து, மகள் உட்காரும் பெஞ்சையும் டெஸ்க்கையும் அளந்து ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் மகளையும் அளந்தார்.

அந்தச் சீட்டில் இருந்த நான்கைந்து எண்களைப் புரிந்துகொள்ளப் போய்த்தான் இந்தக் கட்டுரை. பள்ளியில், கல்லூரியில் நாம் வருடக்கணக்காக உட்காரும் இருக்கைக்குப் பின்னால் இவ்வளவு கணக்கு இருக்கிறதா என்று எனக்கே ஆச்சரியம்தான். வாங்க, பார்க்கலாம்.

டேப்பில் தெரிந்தது என்ன?

பிள்ளையின் உயரம் 138 செ.மீ. ஷூவோடு சேர்த்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை 36 செ.மீ. அவள் உட்காரும் பெஞ்சின் உயரம் 45 செ.மீ. அதாவது பின்னால் சாய்ந்து ஒழுங்காக உட்கார்ந்தால் பாதம் தரையிலிருந்து 9 செ.மீ. மேலே தொங்கும்.

கால் தொங்கினால் என்ன ஆகும்? காலின் எடை முழுவதையும் பாதத்துக்குப் பதிலாக பெஞ்சின் முன்விளிம்பு தாங்க வேண்டியிருக்கும். அந்த விளிம்பு தொடையின் அடிப்பகுதியை அழுத்தும். அங்கே ஓடும் நரம்பும் ரத்தக் குழாயும் நசுங்கும். கால் மரத்துப் போகும். சத்துக்குறைவே வேண்டாம், 45 செ.மீ. உயர இரும்பு பெஞ்சே போதும்.

பிள்ளைகள் இதற்குத் தாங்களே ஒரு வழி கண்டுபிடிக்கிறார்கள். முன்னால் நகர்ந்து பெஞ்சின் நுனியில் உட்காருவார்கள். பாதம் தரையைத் தொடும், ஆனால் முதுகுக்குச் சாய்மானம் போய்விடும். முதுகு வளையும். வளைந்த முதுகோடு போர்டைப் பார்க்கக் கழுத்தை முன்னால் நீட்ட வேண்டும். ஐந்து நிமிடத்தில் கழுத்து வலிக்கும். திரும்பப் பின்னால் நகருவார்கள். திரும்பக் கால் மரக்கும். திரும்ப முன்னால்.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இதற்குப் பெயர் 'நெளிதல்'.

டெஸ்க் கதை இன்னும் மோசம். டெஸ்க்கின் உயரம் 76 செ.மீ. அவள் உட்கார்ந்திருக்கும்போது முழங்கை இருக்கும் உயரம் 64 செ.மீ. எழுதும் பலகை முழங்கையை விட 12 செ.மீ. மேலே. எழுத வேண்டுமானால் தோளைத் தூக்கிக்கொண்டேதான் எழுத வேண்டும். நாள் முழுக்கத் தோளைத் தூக்கி வைத்துப் பாருங்கள், தெரியும்!

அத்தான் சொன்ன ஒரு சுலபமான வழி: பிள்ளையின் உயரத்தை நான்கால் வகுங்கள். ஷூவுக்கு 2 செ.மீ. சேருங்கள். பெஞ்ச் ஏறக்குறைய அந்த உயரம் இருக்க வேண்டும். 138-ஐ நான்கால் வகுத்தால் 34.5. ஷூவோடு 36.5. ஒரு செ.மீ. முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. 9 செ.மீ. என்பது பரவாயில்லை ரகம் இல்லை.

இதுக்கெல்லாம் ஒரு படிப்பு இருக்கா?

இருக்கிறது. எர்கோனாமிக்ஸ். தமிழில் பணிச்சூழலியல் என்கிறார்கள். கிரேக்கத்தில் 'எர்கோன்' என்றால் வேலை, 'நோமோஸ்' என்றால் விதி. போலந்து அறிஞர் யாஸ்ட்செம்போவ்ஸ்கி 1857-லேயே இந்தச் சொல்லைப் பயன்படுத்திவிட்டார். ஆனால் அது அப்படியே மறந்துபோய், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1949-ல் பிரிட்டனில் ஹைவெல் முரெல் மறுபடியும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் ஒரு வரிதான்: வேலைக்கு ஏற்ப மனிதரை வளைக்காதே, மனிதருக்கு ஏற்ப வேலையையும் கருவியையும் அமை.

சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டில் பனை ஏறுகிறவர்களுக்கு இதை யாரும் பாடம் எடுத்ததில்லை. ஆனால் பனையேறி இரண்டு பாதத்தையும் இணைக்கப் போட்டுக்கொள்ளும் நார் வளையத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அதை அவரவர் காலுக்கு ஏற்றபடிதான் கட்டிக்கொள்வார்கள். அடுத்தவர் வளையத்தை மாட்டிக்கொண்டு மரம் ஏறுவது ஆபத்து என்று அவர்களுக்குத் தெரியும். முப்பது நாற்பது அடி உயரத்தில் அளவு தப்பினால் விளைவு உடனே தெரிந்துவிடும். வகுப்பறையில் அளவு தப்பினால் விளைவு தெரிய வருடக்கணக்கில் ஆகும், அதுவரை டைரியில் பிள்ளையின் பெயர்தான் எழுதப்படும்.

தலை எத்தனை கிலோ?

வளர்ந்த ஒருவரின் தலை சுமார் 5 கிலோ இருக்கும். அது நேராகக் கழுத்துக்கு மேலே இருக்கும்வரை பெரிய சிக்கல் இல்லை. முன்னால் சாய்ந்தால்தான் பிரச்சினை.

தண்ணீர்க் குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதே குடம்தான், அதே தண்ணீர்தான். இடுப்பில் ஒட்டி வைத்துக்கொண்டால் தெரு முனையிலிருந்து வீடு வரைக்கும் பேசிக்கொண்டே நடக்கலாம். கையை நீட்டிப் பிடித்தால் பத்து அடி நடக்க முடியாது. உடம்பிலிருந்து எடை எவ்வளவு தள்ளிப் போகிறதோ, அதைப் பிடித்து நிறுத்தத் தசை அவ்வளவு அதிகமாக இழுக்க வேண்டும். இன்ஜினியர்கள் இதற்குத் 'திருப்புவிசை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பெண்கள் பெயர் வைக்காமலேயே குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டார்கள்.

கழுத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ். 2014-ல் வெளியான அவரது கணக்குப்படி தலை 15 டிகிரி குனிந்தால் கழுத்தின் மீது விழும் சுமை சுமார் 12 கிலோ. 30 டிகிரி என்றால் 18 கிலோ. 60 டிகிரி என்றால் 27 கிலோ. மொபைல் பார்க்கும் கழுத்து பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்கள் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து வந்தவைதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இது கணினி மாதிரியில் போட்ட கணக்கு, யாருடைய கழுத்திலும் கருவி வைத்து அளந்தது இல்லை. 'குனிந்தால் இத்தனை கிலோ' என்பது வேறு, 'குனிந்தால் கட்டாயம் நோய் வரும்' என்பது வேறு. அந்த இரண்டாவது விஷயத்தில் ஆய்வாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. வாட்ஸ்அப் படத்தில் இந்த வரி மட்டும் இருக்காது.

மேசை தட்டையாக இருந்தால் நோட்டைப் பார்க்கக் குனிந்துதான் ஆக வேண்டும். மேசை நம்மை நோக்கிக் கொஞ்சம் சரிந்திருந்தால்? குனிவது குறையும். டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் ஏ.சி. மண்டல் இதைத்தான் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிப் பிள்ளைகள் நாற்காலியை முன்காலில் நிறுத்தி ஆட்டுவதைப் பார்த்துவிட்டு, இது குறும்பு அல்ல, முதுகு தனக்கு வேண்டிய கோணத்தைத் தேடுகிறது என்றார். இருக்கை முன்னோக்கிச் சற்றுச் சரிய வேண்டும், மேசை நம்மை நோக்கிச் சரிய வேண்டும் என்பது அவர் வாதம்.

டென்மார்க் வரை போக வேண்டாம். பழைய வியாபாரி வீடுகளில் கணக்குப்பிள்ளை பெட்டி பார்த்திருப்பீர்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேரேடு எழுதும் அந்தப் பெட்டியின் மேல்மூடி சரிவாகத்தான் இருக்கும். குர்ஆன் ஓதும்போது முன்னால் விரித்து வைக்கும் மரப்பலகையிலும் அதே சரிவு. நாள் முழுக்க எழுதுகிறவருக்கும் ஓதுகிறவருக்கும் சரிவு வேண்டும் என்று நம் ஆட்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. நாள் முழுக்க எழுதும் பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் தட்டைப் பலகை!

'ப' வடிவ இருக்கை சர்ச்சை நினைவிருக்கிறதா?

2025 ஜூலையில் தமிழ்நாடு முழுக்க இருக்கை பற்றித்தான் பேச்சு. வகுப்பறைகளில் இருக்கைகளை 'ப' வடிவில் அமைக்கும்படி பள்ளிக்கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. அதற்கு முன்பு, 'ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்' என்ற மலையாளப் படத்தைத் தொடர்ந்து கேரளத்தில் சில பள்ளிகள் இப்படி மாறியிருந்தன. 'கடைசி பெஞ்ச்' என்ற ஒன்றே இருக்கக் கூடாது என்பதுதான் எண்ணம்.

எண்ணத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உடனே கேள்வி எழுந்தது: போர்டு ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்றால் கழுத்து என்ன ஆகும்? எதிர்ப்பு வலுக்க, சில நாட்களிலேயே அந்தத் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது.

அப்போது நான் இந்தச் செய்தியை நான்கு தடவை அப்டேட் செய்திருப்பேன். யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்றுதான் எழுதினோமே தவிர, கோணம் என்ன என்று யோசிக்கவில்லை. இப்போது அத்தானிடம் கேட்டேன். பேப்பரில் ஒரு பெரிய 'ப' போட்டார். தமிழ் படித்த எனக்கு அந்த எழுத்தை ஒரு இன்ஜினியர் விளக்கியது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

'ப'வின் திறந்த வாய்ப் பக்கம் போர்டு. கீழ்க்கோட்டில் உட்காருகிறவர்களுக்குப் பிரச்சினையே இல்லை, போர்டு நேர் எதிரே. இரண்டு பக்கக் கோடுகளிலும் உட்காருகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருப்பார்கள். அவர்களுக்குப் போர்டு பக்கவாட்டில். போர்டிலிருந்து தள்ளிப் பின்னால் இருக்கும் பிள்ளை கிட்டத்தட்ட செங்கோணத்துக்குத் திரும்ப வேண்டும். நம் கழுத்து ஒரு பக்கமாக அதிகபட்சம் 70, 80 டிகிரிதான் திரும்பும். அதுவும் யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கத்தான். முக்கால் மணி நேரம் அப்படியே வைத்திருக்க இல்லை.

"அப்போ 'ப' வடிவமே தப்பா அத்தான்?"

"எழுத்து மேல தப்பு இல்ல மாப்ள. போல்ட்டு மேலதான் தப்பு."

அவர் சொன்னது இதுதான். நம் பள்ளிகளில் பெரும்பாலும் இருப்பது பெஞ்சும் டெஸ்க்கும் ஒரே இரும்புச் சட்டத்தில் வெல்டிங் செய்த, இரண்டு பேர் உட்காரும் டூயல் டெஸ்க். அதில் உட்கார்ந்த பிறகு காலைத் திருப்ப முடியாது. இடுப்பையும் திருப்ப முடியாது. மிச்சம் இருப்பது கழுத்து மட்டும். அதே 'ப' வடிவத்தில் தனித்தனி நாற்காலி இருந்தால் பிள்ளை நாற்காலியோடு போர்டு பக்கம் திரும்பி உட்காரும். கழுத்துக்கு வேலையே இல்லை. வெளிநாட்டுப் பள்ளிகளில் 'ப' வடிவப் படம் அழகாக இருப்பதைப் பார்க்கிறோம், நாற்காலியைப் பார்ப்பதில்லை.

டூயல் டெஸ்க்தான் இருக்கிறது என்றால்? 'ப'வின் இரண்டு கால்களையும் வாய்ப்பக்கம் கொஞ்சம் அகட்டி வைக்கலாம். இருக்கைகளே போர்டு பக்கம் திரும்பிவிடும், கழுத்து திரும்ப வேண்டிய கோணம் குறையும். ஆனால் நம் வகுப்பறைகளில் அதற்கு இடம் இருக்காது. அப்படியானால் வாரம் ஒருமுறை வலது பக்கத்தவர்களை இடது பக்கம் மாற்றலாம். வருடம் முழுக்க ஒரே பக்கம் திரும்புவதாவது மிச்சமாகும்.

இன்னொரு விஷயத்தை அந்தச் சமயத்தில் யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. வெளிச்சம். வகுப்பறையில் ஜன்னல் இடது பக்கம் இருக்க வேண்டும் என்பது பழைய கட்டிட வழக்கம். வலது கையால் எழுதும்போது கையின் நிழல் எழுத்து மேல் விழக் கூடாது என்பதுதான் காரணம். 'ப' வடிவத்தில் ஒரு பக்கப் பிள்ளைகளுக்கு ஜன்னல் முதுகுக்குப் பின்னால் போய்விடும், நோட்டில் தலை நிழல் விழும். எதிர்ப் பக்கத்துக்கு ஜன்னல் கண்ணெதிரே, கண் கூசும். தேரி வெயில் எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பீச்சாங்கைக்காரர் கதை

இடது பக்க ஜன்னல் யாருக்கு உதவாது? என்னைப் போன்ற இடதுகைக்காரர்களுக்கு. உலகில் சுமார் பத்தில் ஒருவர் இந்த ஜாதி.

நான் தமிழ் பி.ஏ. படித்த கல்லூரியில் தேர்வு ஹாலில் ரைட்டிங் பேடு வைத்த நாற்காலிகள்தான். பலகை எல்லாம் வலது பக்கம். வலதுகைக்காரருக்கு அந்தப் பலகை முழங்கையையும் தாங்கும், நோட்டையும் தாங்கும். எனக்கு நோட்டை மட்டும் தாங்கும். முழங்கை அந்தரத்தில். இடுப்பிலிருந்து மேல் உடம்பை வலது பக்கம் முறுக்கிக்கொண்டு எழுத வேண்டும். ஒன்றல்ல, மூன்று மணி நேரம். தமிழ் இலக்கியத் தேர்வில் பக்கக் கணக்கில் எழுதினால்தான் மதிப்பெண் என்று ஒரு நம்பிக்கை வேறு.

இரண்டாம் செமஸ்டரில் ஹால் கண்காணிப்பாளர் வந்து பேப்பரைப் பிடுங்கினார். பக்கத்து மாணவனைப் பார்த்து எழுதுகிறேனாம். சார், நாற்காலி அப்படி, நான் என்ன செய்ய என்று விளக்கிப் பேப்பரைத் திரும்ப வாங்குவதற்குள் பத்து நிமிடம் போயிற்று. அன்றைக்கு விட்டுப்போன கடைசிக் கேள்வி இன்னும் நினைவிருக்கிறது.

இடது பக்கம் பலகை வைத்த நாற்காலியும் அதே கம்பெனிகளிடம் கிடைக்கிறது. நூறு நாற்காலி வாங்கும்போது பத்து அப்படி வாங்கினால் போதும். ஆர்டர் ஃபார்மில் யாராவது அந்தக் கட்டத்தை டிக் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாருக்கும் ஒரே அளவு ஏன் சரிவராது?

"சராசரி அளவுக்குச் செய்தால் எல்லாருக்கும் ஓரளவு பொருந்தும்தானே?" என்று தோன்றும். அமெரிக்க விமானப்படையும் அப்படித்தான் நினைத்தது. 1950-ல் 4,063 விமானிகளை அளந்தார்கள். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் அதிகாரி, உயரம், மார்பளவு, கை நீளம் என்று விமானி அறைக்கு முக்கியமான 10 அளவுகளை எடுத்துக்கொண்டு, பத்திலும் சராசரியை ஒட்டி இருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினார். விடை: பூஜ்யம். சராசரி விமானிக்கென்று செய்த அறை ஒருவருக்கும் முழுமையாகப் பொருந்தவில்லை. அதன் பிறகுதான் நகர்த்தி வைக்கக்கூடிய இருக்கைகள் வந்தன. இன்றைக்கு உங்கள் காரில் சீட்டை முன்னே பின்னே இழுக்கிறீர்களே, அதே யோசனைதான்.

ஆறாம் வகுப்பில் 125 செ.மீ. பிள்ளையும் இருக்கும், 155 செ.மீ. பிள்ளையும் இருக்கும். ஐரோப்பியத் தர விதி இஎன் 1729 இதற்காகவே பள்ளி இருக்கைகளை 0 முதல் 7 வரை எட்டு அளவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்திருக்கிறது. மஞ்சள் என்றால் 119 முதல் 142 செ.மீ. உயரப் பிள்ளைகளுக்கு: இருக்கை 35 செ.மீ., மேசை 59 செ.மீ. அக்கா மகளுக்கு வேண்டியது இந்த மஞ்சள். அவளுக்குக் கிடைத்திருப்பது ஏறக்குறைய நீலம்: இருக்கை 46, மேசை 76. அது 159 முதல் 188 செ.மீ. வரை உள்ளவர்களுக்கான அளவு. அதாவது அவள் உட்கார்ந்திருப்பது என்னுடைய நாற்காலியில்!

இந்தியாவிலும் இதற்கு விதி இல்லாமல் இல்லை. வகுப்பறை மேசை நாற்காலிகளுக்கென்றே ஐஎஸ் 4837 என்ற தர நிர்ணயம் இருக்கிறது. இந்தியர்களின் உடல் அளவுகளைத் தொகுத்து, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலிருந்து தேப்குமார் சக்ரவர்த்தியின் புத்தகமே 1997-ல் வந்திருக்கிறது. அளவு தெரியாமல் இல்லை. ஒரே அளவில் மொத்தமாக வாங்கினால் டெண்டர் சுலபம்.

பையைத் தராசில் தொங்கவிட்டபோது...

டேப்போடு நிறுத்தவில்லை அத்தான். கொக்கித் தராசில் பையையும் தொங்கவிட்டார். 5.8 கிலோ. பிள்ளையின் எடை 31 கிலோ.

மத்திய அரசின் பள்ளிப் பை கொள்கை 2020 சொல்வது, பையின் எடை பிள்ளையின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆறாம், ஏழாம் வகுப்புக்கு 2 முதல் 3 கிலோ. இங்கே ஏறக்குறைய இரண்டு மடங்கு. தமிழ்நாடு இந்த விஷயத்தில் முன்பே யோசித்த மாநிலம்தான். 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தபோது, ஒரு வருடப் புத்தகம் மூன்றாகப் பிரிந்து பை இளைத்தது. நான் பள்ளியில் இருந்தபோது நேரில் அனுபவித்த மாற்றம் அது.

அப்புறம் ஏன் 5.8? பிரித்துப் பார்த்தால் புத்தகம் குற்றவாளி இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் அடைத்த ஸ்டீல் பாட்டில் மட்டும் 1.3 கிலோ. டிபன் பாக்ஸ் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மிச்சத்தில் பாதி, அன்றைக்கு டைம்டேபிளில் இல்லாத நோட்டுகள். "எதுக்கும் இருக்கட்டும்னு வச்சேன் மாமா" என்றாள். பள்ளியில் நல்ல குடிநீர் கிடைத்தால் பாட்டில் தூக்க வேண்டியதில்லை என்று அதே கொள்கை சொல்கிறது. தண்ணீர்க் குழாயும் முதுகுவலியும் ஒரே விஷயம் என்று நமக்குத் தோன்றாது, தராசுக்குத் தோன்றுகிறது.

எடையை விட, அதை எப்படித் தூக்குகிறோம் என்பது முக்கியம். காலையில் சாத்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். திசையன்விளை, உடன்குடி, நாசரேத் பக்கமிருந்து வரும் பஸ்களில் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு தோளில் பை, இன்னொரு கையில் மேல்கம்பி என்று நிற்பார்கள். ஒரு தோளில் தொங்கும் பை கீழே இழுக்கும், விழாமல் இருக்க உடம்பு எதிர்ப்பக்கம் சாயும், முதுகெலும்பு வளையும். இரண்டு வாரும் போட்டு, பையை முதுகோடு ஒட்டி இழுத்துக் கட்டினால் அதே எடை பாதியாகத் தெரியும். மறுபடியும் இடுப்புக் குடம் கணக்குதான். கூட்ட பஸ்ஸில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளலாம், அல்லது உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் கொடுக்கலாம். நம் ஊர் பஸ்களில் முன்பின் தெரியாதவர் மடியில் பையை வைப்பது இன்னும் செல்லுபடியாகும் ஒரு நல்ல எர்கோனாமிக்ஸ்.

படிக்கட்டில் தடுக்குவது ஏன்?

இது இடையில் வந்த கேள்வி. எல்லாக் கல்லூரியிலும் எல்லாரும் தடுக்கும் படி ஒன்று இருக்கும். தேசியக் கட்டிட விதிப்படி கல்வி நிறுவனங்களில் படியின் உயரம் 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, கால் வைக்கும் அகலம் 30 செ.மீ.க்குக் குறையக் கூடாது. ஆனால் தடுக்குவதற்குக் காரணம் உயரம் அல்ல, வித்தியாசம். இரண்டு மூன்று படி ஏறியதும் கால் அந்த உயரத்தை மனப்பாடம் செய்துவிடும். அதன் பிறகு கண் பார்க்காது. ஒரு படி மட்டும் ஒன்றிரண்டு செ.மீ. கூடினால் கட்டைவிரல் இடிக்கும். நியூயார்க் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் ஒரே படியில் ஆள் மாற்றி ஆள் தடுக்குவதை 2012-ல் ஒருவர் வீடியோ எடுத்துப் போட, அந்தப் படிக்கட்டைச் சரிசெய்தார்கள். நம் கல்லூரியில் தடுக்கிய ஆளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவோம்.

அப்போ நிமிர்ந்து உட்கார்ந்தா போதுமா?

போதாது. இதுதான் நான் எதிர்பார்க்காத பதில்.

ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப் நாசெம்சன் முதுகெலும்பு வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதை விடச் சாய்மானமின்றி உட்காரும்போது அழுத்தம் சுமார் 40 சதவீதம் அதிகம் என்றார். பல ஆண்டுகள் அதுவே வேதம். 1999-ல் ஜெர்மனியில் வில்கே குழு ஒரு தன்னார்வலரின் முதுகில் புதிய கருவி வைத்து அளந்தபோது, தளர்வாக உட்கார்ந்தால் அழுத்தம் நிற்பதை விடக் குறைவாகவே இருந்தது. ஆக, ஸ்கேல் வைத்த மாதிரி நிமிர்ந்து உட்காருவதுதான் சரி என்று இன்று யாரும் அடித்துச் சொல்வதில்லை.

அதிகம் சர்ச்சை இல்லாத ஒரு விஷயம், எந்த நிலையாக இருந்தாலும் அதிலேயே ஆடாமல் அசையாமல் இருப்பது நல்லதல்ல என்பது. வட்டுகளுக்கு நேரடி ரத்த ஓட்டம் இல்லை. அழுத்தம் ஏறி இறங்கினால்தான் ஸ்பாஞ்சைப் பிழிந்து விடுவது போல அதற்குள் சத்து போய் வரும். அசைந்தால்தான் அது நடக்கும்.

அதாவது அக்கா மகள் நெளிந்தது அவள் முதுகு செய்துகொண்ட வைத்தியம்.

பெரியவர்களுக்கு இந்த விஷயத்தில் சட்டமே இருக்கிறது. துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவர்களுக்காக, கேரளம் 2018-ல் வழிகாட்ட, தமிழ்நாடு 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, ஊழியர்களுக்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. இந்தப் பக்கத்திலிருந்து சென்னை தி.நகர் கடைகளுக்கு வேலைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு உட்கார உரிமை கேட்டோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு நடுநடுவே எழுந்து நிற்கும் உரிமை தேவைப்படுகிறது.

செலவில்லாமல் என்ன செய்யலாம்?

கால் தொங்குகிறதா, காலடியில் ஒரு பலகை. அத்தான் பழைய கட்டில் சட்டத்தை அறுத்து 9 செ.மீ. உயரத்தில் ஒன்று செய்தார், ரப்பர் ஒட்டியதால் சத்தம் வராது. ஆனால் இது காலைத்தான் சரிசெய்யும், டெஸ்க் உயரம் அப்படியேதான் இருக்கும். எழுதும்போது நோட்டின் மேல்விளிம்புக்கு அடியில் ஜியாமெட்ரி பாக்ஸை வைத்து எக்ஸாம் பேடைச் சரித்துக்கொண்டால், கணக்குப்பிள்ளை பெட்டி ரெடி. வீட்டில் டைனிங் டேபிளில் எழுதும் பிள்ளைக்கு உட்காரத் தலையணை, காலுக்கு மணை. லேப்டாப்பில் படிக்கும் கல்லூரிக்காரர்கள் நாலு தடிப் புத்தகத்தை அடியில் கொடுத்துத் திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, தனி கீபோர்டு வாங்கிக்கொள்ளலாம். அடுக்குவதற்கு என் பி.ஏ. புத்தகங்கள் இப்போது அதற்குத்தான் பயன்படுகின்றன. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்பதற்கு எதுவும் வாங்க வேண்டாம்.

மரத்துப்போதல் எழுந்து நடந்தும் போகவில்லை, இரவில் படுத்திருக்கும்போதும் வருகிறது, காலில் பலம் குறைகிறது என்றால் பலகையும் டேப்பும் வேலைக்கு ஆகாது. மருத்துவரைப் பாருங்கள்.

பள்ளியில் என்ன ஆனது? அத்தான் புகார் எதுவும் எழுதவில்லை. மூன்று எண் எழுதிய சீட்டைத் தலைமை ஆசிரியையிடம் காட்டி, "டீச்சர், புதுசா ஒண்ணும் வாங்க வேண்டாம். அஞ்சாங்கிளாஸ்ல இருக்குற பெஞ்ச் உயரத்தையும் கொஞ்சம் அளந்து பாத்துக்கிடலாமா?" என்று கேட்டார். அளந்தார்கள். அங்கே 38 செ.மீ. பெஞ்சுகள் சில பின்வரிசையில் காலியாகக் கிடந்தன. மூன்று செட் ஆறாம் வகுப்புக்கு வந்தது. மிச்ச வரிசைகளுக்கு அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

போன வாரம் வீடியோ காலில் கேட்டேன், இப்போ கால் மரக்குதா என்று.

"இல்ல மாமா. ஆனா அந்த பெஞ்ச் ஜன்னல் பக்கம் போட்டிருக்காங்க. போர்டு பளபளன்னு அடிக்குது, ஒண்ணும் தெரியல."

பின்னால் அத்தான் டேப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.